மாங்கூழ் சைட்டுக்கு ஆள் வருகிறது, விசாரணை வரவில்லை: என் பதில்

வணக்கம் நண்பரே. போச்சம்பள்ளியில் மாங்கூழ் யூனிட், சைட்டின் எங்கேஜ்மென்ட் ரேட் (மொத்த வருகையில் ஈடுபாட்டோடு பார்த்த வருகைகளின் விகிதம்) 62%, ஆனால் கூழ் வாங்குவோரிடமிருந்து மாதத்துக்கு ஒரு விசாரணைகூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த 62-ஐப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். சைட் வருகையை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் ஒருவர் 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நீங்கள் 'கீ ஈவென்ட்' என்று குறித்த செயலைச் செய்தாலோ அந்த வருகை இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். உங்கள் முகப்பு வீடியோவைப் பார்த்து நின்றாலே 10 விநாடி ஓடிவிடுமே!

கூழ் வாங்குகிறவர் எதைத் தேடி வருகிறார்? மாம்பழ வகை பெங்களூராவா அல்போன்சாவா, பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) எவ்வளவு, டிரம்முக்கு எத்தனை கிலோ, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிமம் உண்டா, சாம்பிள் கிடைக்குமா. உங்கள் சைட்டில் இதில் ஒன்றும் இல்லை. நிறுவனர் படம் மட்டும் ஐந்து இடத்தில் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வகைக்கு ஒரு பக்கம் போடுங்கள். அதிலேயே விவரத்தாளும் வாட்ஸ்அப் பட்டனும் இருக்கட்டும். அந்த இரண்டின் கிளிக்கை மட்டும் கீ ஈவென்டாக வையுங்கள். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் புளி வியாபாரத்துக்கு ஒன்பது கட்டம் கொண்ட படிவம் வைத்திருந்தோம், ஒருவரும் நிரப்பவில்லை. பெயர், ஊர், எத்தனை டன் என்று மூன்றாகக் குறைத்த பிறகுதான் ஆள் பேச வந்தார்கள்.

அப்புறம், ஜூன் கணக்கை டிசம்பரோடு ஒப்பிடாதீர்கள். போன ஜூனோடு வைத்துப் பாருங்கள். மாங்காய் சீசன் முடிந்தால் கூட்டம் எப்படியும் குறையும்.