எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: 2012ஆம் ஆண்டு வாங்கிய பத்துச் சக்கர லாரி வைத்திருக்கிறேன். சங்ககிரியிலிருந்து மும்பை போய்த் திரும்புவதற்குள் எட்டு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. லோடோடு மேடு ஏறும்போது நீலப் புகை வருகிறது. ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். ரீகண்டிஷன் எஞ்சின் (பழையதைப் புதுப்பித்து விற்பது) வாங்கி வைத்துவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?
– ஒரு வாசகர், சங்ககிரி

பதில்: இருவரும் எஞ்சினைத் திறக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்பது மட்டுமே உறுதி. டர்போவின் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) சீல் போயிருந்தாலும், வால்வு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழாய்) தேய்ந்திருந்தாலும் இதே புகைதான் வரும். எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கையில் பிரீதர் குழாயின் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் குழாய்) வாயைக் கவனியுங்கள். புகை விட்டுவிட்டு அழுத்தத்தோடு தள்ளிக்கொண்டு வந்தால் ரிங்கும் லைனரும் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியில்லை என்றால் டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். ஆயில் சொதசொதவென்று ஒட்டினால் செலவு டர்போவோடு முடியக்கூடும். அதன் பிறகு ஆறு சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்பது) பார்க்கச் சொல்லுங்கள்.

ரிங் மட்டும் மாற்றும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. லைனர் வட்டம் இழந்து தேய்ந்த பின் புது ரிங் அதில் சரியாகப் படியாது. சில மாதங்களில் எஞ்சின் மறுபடி ஆயில் குடிக்கும், கூலியை நீங்கள் இரண்டாம் முறையும் கொடுப்பீர்கள்.

எஞ்சின் தேறுமா என்பதை முடிவு செய்வது கிராங்கும் (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) பிளாக்கும்தான் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் உடல்). லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே இருப்பவை. கிராங்கின் பேரிங் அமரும் இடத்தில் நகத்தை மெல்ல ஓட்டினால், கோடு விழுந்திருக்கும் இடத்தில் நகம் சிக்கும். அதைக் கிரைண்டிங் செய்து 0.25, 0.50 மி.மீ. என்று அளவு குறைத்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். முன்பே கடைசி அளவுவரை கிரைண்டிங் செய்த கிராங்காக இருந்தாலோ, பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, மெயின் பேரிங் சுழன்று அது அமரும் இடத்தையே தின்றிருந்தாலோ, அந்த எஞ்சினில் பணம் போடாதீர்கள்.

இவை நன்றாக இருந்தால், உங்கள் எஞ்சினுக்கே முழு வேலை பார்ப்பதுதான் என் பரிந்துரை. அதன் வரலாறு உங்களுக்குத் தெரியும். ரீகண்டிஷன் எஞ்சினில் பளபளக்கும் பெயின்டுக்குள் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். வாங்கியே ஆகவேண்டிய நிலை வந்தால், கிராங்க், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளவுகளை லேத்காரரிடம் எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எட்டு ஆண்டைக் கடந்த வண்டி என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நிறுத்துகிறீர்கள். ஆகையால் சேஸிஸ், கியர்பாக்ஸ், கேபின் ஆகியவற்றுக்கு வரப்போகும் செலவையும் இதே கணக்கில் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால், நானாக இருந்தால் விற்றுவிடுவேன். வேறு எஞ்சின் ஏற்றுவதாக முடிவெடுத்தால், வாங்கிய ரசீதோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் சென்று ஆர்.சி.யில் புதிய எஞ்சின் எண்ணைப் பதிவு செய்துகொண்டு, இன்சூரன்ஸிலும் அதை மாற்றிய பிறகே லோடு ஏற்றுங்கள்.