பாதியில் நின்ற நோயாளிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கேள்வி: பெங்களூருவில் முதுநிலை மருத்துவம் படிக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆனவர்களின் ரத்தத்தில் ஒரு மார்க்கரை (நோயைக் காட்டக்கூடிய ஒரு பொருளை) அளந்து வைத்திருக்கிறேன். 2 ஆண்டுக்குள் நோய் திரும்பும் என்பதை அது முன்கூட்டியே காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓசூர், தருமபுரியிலிருந்து வந்தவர்களில் பலர் ஓராண்டுக்குப் பிறகு வரவே இல்லை. அவர்களை நீக்கிவிட்டு, நோய் திரும்புபவரையும் திரும்பாதவரையும் மார்க்கர் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று காட்டும் ஆர்.ஓ.சி. வளைகோடு போடலாமா?

பதில்: நீக்காதீர்கள். ‘நோய் திரும்பாதவர்’ பக்கத்திலும் சேர்க்காதீர்கள். இவர்களைத்தான் சென்சார் ஆனவர்கள் என்கிறோம். ஓராண்டு வரை நோய் திரும்பவில்லை என்பது உறுதி, அதற்கு மேல் தெரியாது. அந்த ஓராண்டும் நமக்குத் தகவல்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 10 பேர். முதல் ஆண்டில் 2 பேருக்கு நோய் திரும்புகிறது. ஆண்டு முடிவில் 4 பேர் வராமல் நிற்கிறார்கள். மீதி 4 பேரில் ஒருவருக்கு இரண்டாம் ஆண்டில் திரும்புகிறது. நின்றவர்களை நீக்கினால் 6-க்கு 3, அதாவது 50 சதவீதம். நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டால் 10-க்கு 3, 30 சதவீதம். ஒவ்வொரு ஆண்டிலும் அப்போது கண்ணில் இருப்பவர்களை வைத்து நோய் திரும்பாத வாய்ப்பைக் கண்டு, அவற்றைப் பெருக்குவது கேப்ளன்–மெயர் முறை. அதில் 8/10 × 3/4 = 60 சதவீதம் பேருக்குத் திரும்பாது, ஆகவே திரும்புவது 40 சதவீதம். நீக்கும்போது ஏன் கூடுகிறது? சீக்கிரமே நோய் திரும்பியவர்கள் அட்டவணையில் தங்கிவிடுகிறார்கள். விட்டுப்போவது அதுவரை நலமாக இருந்தவர்கள் மட்டுமே.

ஓராண்டு தாண்டிய 8 பேரில் பாதிப் பேர்தான் நம் கண்ணில் இருக்கிறார்கள். ஆகவே அந்த நால்வரில் ஒவ்வொருவரும் இரண்டு பேருக்காக நிற்கிறார்கள். அந்த எடையோடு கூட்டினால் நோய் திரும்பியவர்கள் 2+2=4, திரும்பாதவர்கள் 6. மொத்தம் பழையபடி 10. இதே எடையை வைத்து ஒவ்வொரு மார்க்கர் அளவிலும் உணர்திறனையும் (நோய் திரும்புபவர்களில் சரியாகக் கண்டறியப்படும் பங்கு) தனித்தன்மையையும் (திரும்பாதவர்களில் சரியாக ஒதுக்கப்படும் பங்கு) கணக்கிட்டால், 2 ஆண்டுக்கான ஆர்.ஓ.சி. கிடைத்துவிடும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ‘டைம்ஆர்ஓசி’ (timeROC) தொகுப்பு இதைச் செய்யும்.

ஆனால் இந்த எடை ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: வராமல் போனதற்கும் மார்க்கருக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்பது. மார்க்கர் கூடுதலாக உள்ளவர்களே அதிகம் நின்றிருந்தால், ஹெகர்ட்டி, லம்லி, பெப்பே மூவரும் 2000-இல் தந்த அண்மை அண்டை முறை கைகொடுக்கும். மார்க்கர் அளவு நெருக்கமாக உள்ளவர்களைச் சேர்த்து வைத்து அது கணக்கிடுகிறது. ஆர் மென்பொருளின் ‘சர்வைவல்ஆர்ஓசி’ (survivalROC) தொகுப்பில் இருக்கிறது. அவர்களே தந்த எளிய கேப்ளன்–மெயர் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டுப்புள்ளியை (நோய் திரும்பும் என்று சொல்ல மார்க்கர் தாண்ட வேண்டிய அளவை) உயர்த்தும்போது உணர்திறன் குறையத்தான் வேண்டும். அந்த எளிய வழியில் அது சில சமயம் கூடிவிடும்.

உடம்பு முடியாமல் போய், பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டி பஸ்ஸில் வர இயலாததால் நின்றவர்கள் இருந்தால்? அந்தக் காரணம் உங்கள் தரவில் பதிவாகாத வரை எந்த மென்பொருளும் காப்பாற்றாது. அதனால் வளைகோட்டுக்கு முன்னால் தொலைபேசியை எடுங்கள். தமிழிலேயே பேசுங்கள், வீட்டார் மனம்விட்டுச் சொல்வார்கள். ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி இதற்கும் வேண்டும். வேலை மாறிப் போனவர், ஊர்ப்பக்கமே சிகிச்சையைத் தொடர்பவர், படுக்கையில் இருப்பவர் என்று காரணத்தை அட்டவணையில் தனி நெடுவரிசையில் குறியுங்கள்.

வேறு காரணத்தால் இறந்தவரை சென்சார் கணக்கில் போடாதீர்கள். அது போட்டி நிகழ்வு, அதாவது நோய் திரும்பும் வாய்ப்பையே இல்லாமல் செய்துவிடும் வேறொரு நிகழ்வு. ‘டைம்ஆர்ஓசி’யில் அதற்குத் தனிக் குறியீடு கொடுக்கலாம். பூட்ஸ்ட்ராப் செய்து (உங்கள் தரவிலிருந்தே பலமுறை மாதிரி எடுத்துக் கணக்கிட்டு) நம்பக இடைவெளியையும், அதாவது முடிவு எந்த வரம்புக்குள் இருக்கலாம் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். 2 ஆண்டு முடிவில் உங்கள் கண்ணில் இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தால், கேள்வியை ஓராண்டுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள்.