கொடிநாள் வசூல், நினைவுத்தூண், ரசீது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டிசம்பர் 7 கொடிநாள் நெருங்கும்போதெல்லாம் கடிதங்கள் கூடிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் ராணுவத்தின் காலாட்படைப் பிரிவான மெட்ராஸ் ரெஜிமெண்ட்டைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு நேரடியாகப் பணம் அனுப்ப விரும்புகிறேன். கணக்கு எண் தர முடியுமா? (கோவை)

தர மாட்டேன். வேறு யார் தந்தாலும் வாங்காதீர்கள். ரெஜிமெண்ட்டின் பெயரில் சுற்றும் கணக்கு எண்ணை நம்பிப் பணம் போட்டவர்கள் அப்புறம் எனக்கு எழுதுகிறார்கள். அந்தக் கட்டத்தில் நான் செய்ய ஒன்றுமில்லை.

ரெஜிமெண்ட்டின் தலைமையிடம் நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. அதற்கே கொடுக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தால் அந்த மையத்தின் தலைமை அதிகாரியான கமாண்டன்ட்டுக்குக் கடிதம் எழுதுங்கள். நீங்கள் யார், எவ்வளவு, எந்தக் காரியத்துக்கு என்று மூன்றையும் சொல்லுங்கள். வாங்க வழி இருக்கிறதா, எந்தப் பெயரில் காசோலை எழுத வேண்டும் என்று எழுத்தில் பதில் வரட்டும். அதுவரை பணம் உங்களிடமே இருக்கட்டும். காத்திருக்க முடியாது என்றால் ராணுவ மத்திய நலநிதி இருக்கிறது, கொடிநாள் நிதி இருக்கிறது.

இன்னொன்று. “நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரணும்” என்று எழுதியிருக்கிறீர்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் இல்லை. கார்கிலில் பட்டாலிக் பகுதியில் உயிர்விட்ட மேஜர் சரவணன் பீகார் ரெஜிமெண்ட். மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்தவர், 2014இல், பல ரெஜிமெண்ட்டினரும் சேர்ந்து பணியாற்றும் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸின் 44வது பிரிவில் இருந்தபோது வீழ்ந்தார். 2020இல் கல்வானில் இறந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி பீரங்கிப் படை. பெங்களூரில் மையம் கொண்ட ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸிலும் நம்மவர்கள் ஏராளம். ஆக, உங்கள் நோக்கம் ரெஜிமெண்ட்டின் மரபுக்கா, தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டாவது என்றால் மாநிலக் கொடிநாள் நிதிதான் சரி.

எங்கள் அலுவலகத்தில் கொடிநாளுக்கு 100 ரூபாய் பிடித்துவிடுகிறார்கள். இது யாருக்குத்தான் போகிறது? (சேலம்)

பிடிக்கக் கூடாது, கேட்டு வாங்க வேண்டும். இது நன்கொடை, வரி அல்ல. ரசீது கேளுங்கள், தராவிட்டால் கொடுக்காதீர்கள். அதற்காகக் கொடிநாளையே கசப்போடு பார்க்காதீர்கள்.

1949இலிருந்து இந்த வசூல் நடக்கிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் அந்தச் சின்னக் கொடியில் இருக்கின்றன. மாவட்டங்களில் ஆட்சியர் மூலம் திரளும் பணம் மாநில நிதிக்குப் போகிறது. மத்திய அளவில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் கேந்திரிய சைனிக் போர்டு தனி நிதியை வைத்திருக்கிறது. பல பழைய நிதிகளை ஒன்றாக்கி 1993இல் உருவாக்கியது அது.

யாருக்கு என்றால், பெரும்பாலும் செய்தியில் வராதவர்களுக்கு. சாதாரண சிப்பாய்க்கு பென்ஷன் கிடைக்க 15 வருட சர்வீஸ் வேண்டும். அதற்கு முன்பே வெளியே வந்தவர், அவர் போனபிறகு அவர் மனைவி, இவர்களுக்குப் பொதுவாக மாதாமாதம் பென்ஷன் வராது. ஹவில்தார் பதவிக்குட்பட்டு, 65 வயது தாண்டி, பென்ஷன் இல்லாமல் இருப்பவர்களுக்கு மத்திய நிதியிலிருந்து மாத உதவித்தொகை உண்டு. அது 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 8,000. பிள்ளைகளின் படிப்புக்கும், மகள் திருமணத்துக்கும் உதவி தனியாக இருக்கிறது. உங்கள் 100 ரூபாய் அந்த வகைக் காரியங்களுக்குத்தான்.

தினமும் ஒரு ரூபாய் போட்டால் ராணுவத்துக்கு ஆயுதம் வாங்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பலாமா?

அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள். ஆயுதம் வாங்குவது பட்ஜெட் பணத்தில். பாதுகாப்பு அமைச்சகமே 2025இல் இதை மறுத்துவிட்டது.

இந்த வதந்தி ஒரு நல்ல நிதியின் பெயரைக் கெடுக்கிறது, அதனால் கூடுதலாக நாலு வரி. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் 19வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிழைக்கவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு உதவப் பொதுமக்கள் பலர் முன்வந்தார்கள். அதன் பிறகு வந்ததே போரில் வீழ்ந்தோர், காயமுற்றோர் குடும்ப நலநிதி. 2022இல் ‘மா பாரதி கே சபூத்’ என்ற அரசு இணையதளம் அதற்கென்றே திறக்கப்பட்டது. அதில் போய்க் கொடுங்கள். யாரோ அனுப்பிய க்யூஆர் படத்தில் கொடுக்காதீர்கள். பணம் போகும் முன் திரையில் கணக்கின் பெயர் தெரியும், அதைப் படியுங்கள்.

புல்வாமா வீரர்களுக்காகக் கொடிநாள் நிதியில் கொடுத்தேன். போய்ச் சேர்ந்திருக்குமா? (திருநெல்வேலி)

இல்லை. புல்வாமாவில் இறந்தவர்கள் சி.ஆர்.பி.எஃப். அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது, கொடிநாள் நிதி முப்படைகளுக்கானது. துணை ராணுவப் படைகளுக்கு ‘பாரத் கே வீர்’ என்று 2017 ஏப்ரலில் தொடங்கிய தனி ஏற்பாடு இருக்கிறது. அதில் குறிப்பிட்ட வீரரின் குடும்பக் கணக்குக்கே ஓர் உச்சவரம்புக்குள் அனுப்பலாம், பொதுநிதிக்கும் அனுப்பலாம். உங்கள் பணம் வீணாகவில்லை, வேறொரு படைவீரர் குடும்பத்துக்கு உதவியிருக்கும். அடுத்த முறை கொடுக்கும் முன் கேளுங்கள்.

போன வருடம் ரொக்கமாக 10,000 கொடுத்தேன், ரசீது தொலைந்துவிட்டது. நன்கொடைக்கான 80ஜி வருமான வரி விலக்கு வாங்க ஏதாவது வழி சொல்லுங்கள்.

வழி இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது இருந்தாலும் விலக்கு கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. இதை ஒவ்வொரு வருடமும் எழுதுகிறேன். வங்கி மூலம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், வாங்கியதை வையுங்கள்.

எங்கள் ஊர் வீரருக்கு நினைவுத்தூண் வைக்க 5 லட்சம் போல வசூலித்திருக்கிறோம். பேருந்து நிறுத்தம் அருகே, மார்பளவு சிலையுடன். அடுத்த மாதம் திறப்புவிழா. வேறென்ன செய்ய வேண்டும்? (மதுரை மாவட்டம்)

தம்பி, திறப்புவிழா நாளைக் குறித்துவிட்டு வேறென்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் வீரரின் பட்டாலியன் எண் இல்லை. அவர் மனைவி சம்மதித்தாரா என்று இல்லை. இடம் யாருடையது என்று இல்லை. விழாவுக்கு வரப்போகிறவர்களின் பெயர் மட்டும் முழுதாக இருக்கிறது.

ஊர் ஊராக இந்தத் தூண்களைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருக்கிறேன். கருங்கல்லில் ஹவில்தாரை சிப்பாய் என்று வெட்டியிருப்பார்கள். இறந்த தேதிக்குப் பதில் உடல் ஊருக்கு வந்த தேதி இருக்கும். ரெஜிமெண்ட் பெயர் இருக்கும், பட்டாலியன் எண் இருக்காது. வீரரின் பெயர் ஒரு விரல் உயரம், கீழே ‘உபயம்’ என்று கொடுத்தவர்களின் பெயர் இரண்டு விரல் உயரம். மூன்றாம் வருடம் எழுத்தில் பூசிய பொன்வண்ணம் உதிர்ந்துவிடும், தூணைச் சுற்றிக் கட்டிய சங்கிலியில் யாராவது ஆட்டைக் கட்டியிருப்பார்கள், முன்னால் ஒரு ஃபிளெக்ஸ் நிற்கும். அந்த வழியாகத்தான் அந்தத் தாய் ரேஷன் கடைக்குப் போய்வர வேண்டும்.

டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தைப் பாருங்கள். தியாகச் சக்கரத்தின் கருங்கற்களில் 25,000க்கு மேல் பெயர்கள். ஒவ்வொன்றிலும் பெயர், பதவி, படைப்பிரிவு. கொடுத்தவர் பெயர் எங்கும் இல்லை. அது போதும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கல் வெட்டுகிறவரிடம் போவதற்கு முன் வீரரின் வீட்டுக்குப் போங்கள். அவருடைய சர்வீஸ் எண், பதவி, ஆவணத்தில் இருக்கிறபடி பெயர், பட்டாலியன், வீழ்ந்த இடம், தேதி எல்லாவற்றையும் ராணுவம் கொடுத்த காகிதத்தைப் பார்த்து எழுதுங்கள். ஊரில் பேசிக்கொள்வதைக் கேட்டு எழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரைப் பாருங்கள். எழுதிய வாசகத்தை மனைவியிடமும் பெற்றோரிடமும் தனித்தனியே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தனித்தனியே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வீடுகளில் இழப்புக்குப் பிறகு மருமகளும் மாமியாரும் பேசிக்கொள்வதில்லை. உங்கள் தூண் அதில் ஒரு கட்சியாகிவிடக் கூடாது.

அப்புறம் இடம். பேருந்து நிறுத்தம் என்றால் பெரும்பாலும் சாலைப் புறம்போக்கு. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் எடுப்பது இதைத்தான். எழுத்துமூலம் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். அவர் படித்த பள்ளி வளாகத்தில் தலைமையாசிரியரும் கல்வித்துறையும் ஒத்துக்கொண்டால் அதைவிட நல்ல இடம் இல்லை.

பணம். ஐந்து லட்சத்தையும் சிமெண்ட்டில் போடாதீர்கள். மார்பளவு சிலை வேண்டாம், முகம் சரியாக அமையாத சிலையைக் குடும்பம் காலமெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்றரை லட்சத்துக்குள் நல்ல கல் ஒன்று வையுங்கள். ஒரு லட்சத்தைப் பராமரிப்புக்கென்று டெபாசிட் செய்யுங்கள், வருட வட்டியில் எழுத்துக்கு வண்ணம் பூசிக் கல்லைக் கழுவிவைக்கலாம். மீதியில் அந்தப் பள்ளியிலேயே அவர் பெயரில் ஒரு கல்வி உதவித்தொகை. வருடா வருடம் ஒரு பிள்ளை அந்தப் பெயரைத் தன் விண்ணப்பத்தில் எழுதும். வசூல், செலவு இரண்டையும் ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள். கொடுத்த ஒவ்வொருவருக்கும் ரசீது போயிருக்க வேண்டும். போகவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் ‘5 லட்சம் போல’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

திறப்புவிழாவைத் தள்ளிவையுங்கள்.

வீரரின் மனைவிக்கு நண்பர்கள் சேர்ந்து 3 லட்சம் நேரடியாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மேடை வேண்டாம், பெரிய அட்டைக் காசோலை வேண்டாம். அவர் மட்டுமே இயக்கும் கணக்குக்கு அனுப்புங்கள். ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000க்கு மேல் வந்தால் அந்தத் தொகை முழுதும் வாங்குகிறவரின் வருமானமாகிவிடும். உங்கள் உதவி அவருக்கு வரி நோட்டீஸாக வரலாம். ஆடிட்டரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அதற்கும் முன்னால் அவரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். அரசுப் பணம் வந்த முதல் சில மாதங்களில் தேவை குறைவு. பிள்ளை கல்லூரிக்குப் போகும் வருடம் யாரும் வருவதில்லை.

1962இல் என் பாட்டி வளையலைக் கழற்றிக் கொடுத்தாராம். அந்த நிதி இன்னும் இருக்கிறதா? (தஞ்சாவூர்)

இருக்கிறது அம்மா. அது தேசியப் பாதுகாப்பு நிதி, சீனப் போரின்போது தொடங்கியது. பிரதமர் தலைமையிலான குழு நிர்வகிக்கிறது. முன்னாள் படைவீரர் பிள்ளைகளின் தொழிற்கல்விக்கான பிரதமர் உதவித்தொகை அதிலிருந்துதான் போகிறது: மாணவிக்கு மாதம் 3,000, மாணவனுக்கு 2,500. இன்றைக்கும் கொடுக்கலாம், பழைய வரிமுறையில் முழு விலக்கு உண்டு.

சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவன். சொந்த ஊரில் முன்னாள் ராணுவத்தினர் நடத்தும் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பலாமா?

அந்த அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவு இருந்தால் மட்டும். இல்லாமல் வாங்கினால் மாட்டிக்கொள்வது அவர்கள். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டவர்தான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்புவதற்கு இந்தத் தடை இல்லை. பதிவு எண்ணை முதலில் கேளுங்கள்.

எல்லையில் இருக்கும் வீரர்களுக்குப் பழைய கம்பளிகள் அனுப்ப…

வேண்டாம். பனிமலை உடுப்பு ராணுவம் கொடுப்பது.

என் தாத்தா இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் இறந்தார். கல்லறை கிடையாது. அவர் பெயரில் ஏதாவது செய்ய ஆசை. எங்கே தொடங்குவது? (வேலூர்)

அவர் பெயர் ஏற்கெனவே ஒரு கல்லில் இருக்கலாம். யாங்கூன் அருகே தௌக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ரங்கூன் நினைவகம் இருக்கிறது. கல்லறை தெரியாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர் அங்கே. இந்தியப் படையினர் மிகுதி. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலை ஐந்தாறு விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள், நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். சர்வீஸ் எண் இருந்தால் தேடல் சீக்கிரம் முடியும். பழைய பென்ஷன் காகிதத்தில், பதக்கத்தின் விளிம்பில் பாருங்கள், எண் இருக்கலாம். பெயரும் பட்டாலியனும் கிடைத்தபிறகு எழுதுங்கள், எங்கே கொடுப்பது என்பதை அப்போது பேசலாம்.