ஜேசன் யாருக்குச் சொந்தம்? புதுப் படம் வராததற்கும் உங்கள் குறும்படத்துக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி: 'ஃப்ரைடே த தர்டீந்த்' திகில் பட வரிசையில் 1980இல் வந்த முதல் படத்தையும் 2009 ரீமேக்கையும் பார்த்திருக்கிறேன். புதுப் படம் வருகிறது, ட்ரெய்லர் வந்துவிட்டது என்று யூடியூபில் வருஷா வருஷம் போடுகிறார்கள். படம் மட்டும் வந்தபாடில்லை. எதை நம்புவது? நடுவில் இருக்கும் படங்களை எந்த வரிசையில் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்? கடைசியாக, நானும் கல்லூரி நண்பர்களும் ஜேசனை வைத்து ஒரு குறும்படம் எடுத்து இணையத்தில் போட நினைக்கிறோம். அதில் சிக்கல் வருமா சார்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்கள் மூன்று கேள்விகளும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. இந்தப் படங்களின் முகமூடிக் கொலையாளியான ஜேசன் என்ற பாத்திரத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால், எது செய்தி, எது புரளி என்பதை நீங்களே பிரித்துவிடலாம். எனவே அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் படத்தின் கொலையாளி யார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காத மற்ற வாசகர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

இந்த வரிசை நின்றுபோனதற்குக் காரணம் கூட்டம் வராதது அல்ல. 2009 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியான ரீமேக்குக்கு ஆன செலவு ஏறக்குறைய 1.9 கோடி டாலர். அமெரிக்காவில் முதல் மூன்று நாளிலேயே 4 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அப்படிப்பட்ட படத்துக்கு அடுத்த பாகம் வரவில்லை என்றால், காரணத்தைத் திரையரங்குக்கு வெளியேதான் தேட வேண்டும்.

1978இல் 'ஹாலோவீன்' பெரிய வெற்றி பெற்றதைப் பார்த்து, இயக்குநர் ஷான் கன்னிங்ஹாம் அதே தடத்தில் ஒரு படம் எடுக்க நினைத்தார். திரைக்கதை தயாராகும் முன்பே படத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு 'வெரைட்டி' பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துவிட்டார். கதை எழுத 1979இல் விக்டர் மில்லர் ஒப்பந்தமானார். நியூஜெர்சியில் ஒரு சாரணர் முகாமில், சுமார் 5.5 லட்சம் டாலர் செலவில் படம் முடிந்தது. அந்தப் படத்தில் கொலை செய்பவர் ஜேசன் அல்ல, அவனுடைய தாய் பமீலா. கிரிஸ்டல் லேக் என்ற ஏரியில் மூழ்கிப்போன சிறுவனாகவே ஜேசன் அறிமுகமாகிறான். கடைசிக் காட்சியில் நீரைக் கிழித்துக்கொண்டு ஒருமுறை எழுகிறான், அவ்வளவுதான். வளர்ந்த ஜேசன் 1981இல் இரண்டாம் படத்தில் தலையில் சாக்குத்துணியோடு வந்தான். உலகம் முழுக்கத் தெரிந்த அந்த ஹாக்கி முகமூடி 1982இல் மூன்றாம் படத்தில்தான் வந்தது. அந்தப் படங்களை மில்லர் எழுதவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த வழக்கின் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் எழுத்தாளர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. வாய்ப்புத் தேடும் காலத்தில் குறைந்த தொகைக்கு உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டவர், 35 ஆண்டுகள் கழித்து அந்த ஒப்படைப்பை ரத்து செய்து உரிமையைத் திரும்பப் பெறலாம். ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஊழியராக எழுதியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. மில்லர் 2016 ஜனவரியில் ரத்து அறிவிப்பு அனுப்பினார். தயாரிப்புத் தரப்பான ஹாரர் இன்கார்ப்பரேட்டட், அவர் எங்கள் ஊழியராகத்தான் எழுதினார் என்று கனெக்டிகட் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. அவர் எழுத்தாளர் சங்க உறுப்பினர், சங்க ஒப்பந்தப்படி எழுதினார், எனவே ஊழியர்தான் என்பது அவர்கள் வாதம். சங்கத்தில் இருப்பது வேறு, பதிப்புரிமைச் சட்டம் சொல்லும் ஊழியர் என்பது வேறு என்று 2018 செப்டம்பரில் மில்லருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2021 செப்டம்பர் 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எழுத்தை நம்பிப் பிழைக்கிற எவருக்கும் நியாயமான தீர்ப்பு இது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தத் தீர்ப்பு மில்லருக்குக் கொடுத்தது எதை என்பதில்தான் ரசிகர்கள் குழம்புகிறார்கள். முதல் படத்தின் திரைக்கதை, அதுவும் அமெரிக்காவுக்குள் மட்டும். மற்ற நாடுகளில் பழைய உரிமையாளர்களே தொடர்கிறார்கள். முகமூடி போட்ட, வளர்ந்த ஜேசன் யாருக்கு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யாமலே விட்டுவிட்டது. படத்தின் பெயர் வணிகமுத்திரைச் சட்டத்துக்குள் வருவது. பதிப்புரிமை ரத்து அதைத் தொடாது. மனை ஒருவர் பெயரிலும் அதற்குப் போகும் பாதை இன்னொருவர் பெயரிலும் இருக்கும் சொத்தைப் போன்ற நிலை. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடாமல் அமெரிக்காவில் எந்த ஸ்டுடியோவும் துணிந்து பணம் போடாது.

இதற்கு முன்பே ஸ்டுடியோக்களுக்கு இடையிலும் இழுபறி இருந்தது. முதல் எட்டுப் படங்கள் பாரமவுண்ட் வெளியிட்டவை. 1993இல் வந்த ஒன்பதாவது முதல் நியூலைன். 2013இல் 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் பங்கு கிடைப்பதற்காக, ஜேசன் படம் எடுக்கும் உரிமையை நியூலைனின் தாய் நிறுவனமான வார்னர் ஐந்து ஆண்டுகளுக்குப் பாரமவுண்டிடம் கொடுத்தது. உடனே வெளியீட்டுத் தேதி அறிவித்தார்கள்: 2015 மார்ச் 13. அது 2015 நவம்பர் 13 ஆனது. பிறகு 2016 மே 13, பிறகு 2017 ஜனவரி 13, பிறகு 2017 அக்டோபர் 13. எல்லாமே வெள்ளிக்கிழமைகள். கடைசியில் 2017 பிப்ரவரியில் படமே கைவிடப்பட்டது. ஸ்டுடியோ தன் வாயாலேயே சொன்ன தேதிகளுக்கே இந்தக் கதி என்றால், யூடியூப் தலைப்புகளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று பாருங்கள். 2017இல் வந்து நன்றாக ஓடிய வீடியோ கேமுக்கும் வழக்கின் காரணமாக 2018இல் புதிய பகுதிகள் நின்றுபோயின. 2023 முடிவோடு விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள்.

'ஹாலோவீன்' மட்டும் 2007, 2018 என்று புதுப்புது வடிவில் வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம், அதன் உரிமை தயாரிப்பாளர் அக்காட் குடும்பத்தின் கையில் சிதறாமல் இருப்பதுதான். ஃப்ரெடி க்ரூகர் வரும் 'நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' 2010 ரீமேக்குக்குப் பிறகு முடங்கிக் கிடக்கிறது. அங்கேயும் அதை உருவாக்கிய வெஸ் க்ரேவன் குடும்பத்துக்கு 2019இல் அமெரிக்க உரிமை திரும்பிவந்திருக்கிறது.

ஆகவே ஒரு செய்தி கண்ணில் பட்டால், யார் சொல்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஒரு நடிகர் ஜேசனாக நடிக்க ஆசை என்பதும், ஒரு இயக்குநர் என்னிடம் கதை இருக்கிறது என்பதும் செய்தி அல்ல. ரசிகர் கேட்ட கேள்விக்கு அவர் அளித்த பதில், மறுநாள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்ற தலைப்பாக மாறுகிறது. ட்ரெய்லர் என்று போட்ட வீடியோவின் கீழே 'கான்செப்ட்' என்ற சொல் சின்னதாக இருந்தால் அதை மூடிவிடலாம். பழைய படங்களின் துண்டுகளையும் செயற்கை நுண்ணறிவு வரைந்த காட்சிகளையும் ஒட்டிச் செய்தவை அவை. நாள்காட்டியில் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரும் மாதங்களிலும் அக்டோபரிலும் இந்த வீடியோக்கள் கூடும். உரிமையாளர், பணம் போடும் நிறுவனம், ஒப்பந்தமான இயக்குநர் ஆகிய மூன்று பெயர்களும் ஒரே செய்தியில் இருந்து, அதை வெரைட்டி, டெட்லைன் போன்ற தொழில்முறை இதழ்கள் எழுதியிருந்தால் நம்பத் தொடங்கலாம்.

அப்படி நம்பத் தகுந்தது ஒன்று இருக்கிறது. பீகாக் ஓடிடி தளத்துக்காக ஏ24 நிறுவனம் தயாரிக்கும் 'கிரிஸ்டல் லேக்' என்ற முன்கதைத் தொடரை 2022 அக்டோபர் 31 அன்று அறிவித்தார்கள். தயாரிப்பாளர் பட்டியலில் மில்லர் தரப்பு, ஹாரர் இன்கார்ப்பரேட்டட் தரப்பு இரண்டும் இருந்தன. நான் முதலில் கவனித்தது அதைத்தான். முதலில் பொறுப்பேற்ற ப்ரையன் ஃபுல்லர் 2024இல் விலகினார். ப்ராட் கேலப் கேன் அந்த இடத்துக்கு வந்தார். பமீலாவாக லிண்டா கார்டெல்லினி நடிக்கிறார். இந்தத் தொடர் ஏன் தாயின் கதையைத் தேர்ந்தெடுத்தது என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

படங்களைப் பார்க்கும் வரிசைக்கு வருவோம். வெளியான வரிசையிலேயே பாருங்கள். 2, 3, 4 ஆகிய மூன்றும் ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கும் கதைகள். ஒரே வார இறுதியில் பார்த்தால்தான் அந்த ஓட்டம் பிடிபடும். மூன்றாவது முப்பரிமாணத்துக்காக எடுத்தது. ஈட்டியும் கம்பும் காரணமில்லாமல் உங்கள் முகத்துக்கு நேரே நீள்வது அதனால்தான். நான்காவதில் (1984) ஒப்பனைக் கலைஞர் டாம் சவினி திரும்பி வந்தார். முதல் படத்தின் அம்புக் காட்சியைச் செய்தவர் அவர்தான். கணினி வரைகலை இல்லாத காலத்தில் ரப்பரையும் குழாயையும் செயற்கை ரத்தத்தையும் வைத்து அவர் செய்துகாட்டியதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். குறும்படம் எடுக்கப்போகும் உங்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஐந்தாவதை அவசரமென்றால் விடலாம். ஆறாவதை (1986) எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். டாம் மெக்லோக்லின் இயக்கிய அந்தப் படத்தில் மின்னல் தாக்கி ஜேசன் கல்லறையிலிருந்து எழுகிறான். அதுமுதல் அவன் சாகாத பிணம். பயத்தையும் நகைச்சுவையையும் அளவு பிசகாமல் கலந்த படம் இது. இந்த வரிசையில் முதல் படத்துக்கு அடுத்ததாக நான் வைப்பது இதைத்தான். ஏழாவதில் (1988) கேன் ஹாடர் முதன்முறையாக ஜேசன் ஆனார். மூச்சு வாங்கும் தோளிலேயே கோபத்தைக் காட்டியவர். தணிக்கையில் அந்தப் படம் மிக மோசமாக வெட்டுப்பட்டது, கொலைக் காட்சிகள் பாதியில் நிற்பதற்கு அதுதான் காரணம். எட்டாவது நியூயார்க் என்று தலைப்பில் சொல்லிவிட்டுப் பெரும்பகுதியைக் கப்பலிலேயே ஓட்டிவிடும், தாராளமாக விடலாம். ஒன்பதாவதும் விண்வெளிக்குப் போகும் பத்தாவதும் ரசிகர்களுக்கு மட்டும். 2003இல் வந்த 'ஃப்ரெடி வெர்சஸ் ஜேசன்' பார்க்கும் முன் 1984இன் முதல் எல்ம் ஸ்ட்ரீட் படத்தைப் பார்த்துவிடுங்கள். உரிமை இரண்டு ஸ்டுடியோக்களில் பிரிந்திருப்பதால் எல்லாப் படங்களும் ஒரே ஓடிடி தளத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இனி உங்கள் குறும்படம். ஜேசனை அப்படியே எடுத்தால் சிக்கல் வரலாம். மில்லரின் வெற்றி அமெரிக்காவுக்குள் மட்டும் என்று சொன்னேனே, இந்தியாவில் பழைய உரிமையாளர்களின் கை அப்படியே வலுவாக இருக்கிறது. லாபம் பார்க்கவில்லை, விளம்பரம் போடவில்லை என்பது சட்டப்படி காப்பாற்றாது. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்கும் சொந்தப் பயன்பாட்டுக்கும் இடம் தருகிறது. பிறர் பாத்திரத்தை வைத்துப் புதுக்கதை எடுத்து வெளியிட இடம் தரவில்லை. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமைப் புகார் விழுந்தால் சேனலே போய்விடும். வின்சென்டே டிசான்டி 2017இல் எடுத்த 'நெவர் ஹைக் அலோன்' என்ற ரசிகர் படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அருமையான படம், பாருங்கள். ஆனால் அது அங்கே இருப்பதை உங்களுக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முகமூடி போட்ட கொலையாளி, ஊருக்கு வெளியே தனித்துவிடப்பட்ட இளைஞர்கள் என்ற பொதுவான கருவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. கன்னிங்ஹாமும் மில்லரும் 'ஹாலோவீன்' வெற்றியைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள். ஆனால் அதன் கொலையாளி மைக்கேல் மையர்ஸை எடுக்கவில்லை, தங்களுக்கென்று ஒரு தாயையும் ஏரியையும் உருவாக்கினார்கள். நீங்களும் அந்த வழியில் போங்கள். ஜேசன் என்ற பெயர், ஹாக்கி முகமூடி, கிரிஸ்டல் லேக், இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி தன் குரலிலேயே பதிவு செய்த அந்த 'கி கி கி, மா மா மா' ஒலி ஆகிய நான்கையும் தொடாதீர்கள்.

படப்பிடிப்புக்கு முன், திரைக்கதை எழுதும் நண்பரோடு ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு. காலம் குறிப்பிடாத ஒப்படைப்பு ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும், இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும் என்கிறது நம் சட்டத்தின் 19ஆம் பிரிவு. இணையத்தில் போடுகிற படத்துக்கு இடம் 'உலகம் முழுவதும்' என்று எழுதியிருக்க வேண்டும்.