கொத்தில் முந்திரி எங்கே?

கேள்வி: சிறுவர் நாவல்களுக்குக் கொத்துக் கொத்தாக விருது கொடுக்கிறார்கள். பரிசு பெற்றவற்றில் ஐந்தாறு வாங்கினேன். எனக்குப் பிடித்திருந்தது. ஆறாம் வகுப்புப் பேரன் பத்தாம் பக்கத்தில் உறங்கிவிட்டான். குறை நாவலிலா, பேரனிடமா?
– ஒரு தாத்தா, தக்கலை

பதில்: கொத்து என்றதும் தக்கலைக்காரருக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் அல்லவா நினைவுக்கு வர வேண்டும்? அதில் முந்திரிப்பருப்பு கிடையாது. வெளியூர்க்காரர்கள் கடித்துப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டோம் என்கிறார்கள். குமரிப் பக்கம் நமக்கு முந்திரிப்பருப்பு என்பது அண்டிப்பருப்பு. முந்திரி என்றால் திராட்சை. மூன்று உருண்டை ஒட்டிக் குலைபோல இருப்பதால் அந்தப் பெயர். பலகாரமே எங்களுடையது என்று திருநெல்வேலிக்காரர்கள் கடிதம் எழுதுவார்கள். எழுதட்டும்.

சிறுவர் நாவலில் சிறுவர் இல்லாததற்கு இப்படிச் சொல்லாராய்ச்சி எதுவும் கைகொடுக்காது.

விருதுகள் கொத்தாகவும் இல்லை. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010 முதல் தமிழுக்கு ஆண்டுக்கு ஒன்றுதான். 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். பாட்டு, கதை, நாவல் எல்லாம் அந்த ஒன்றுக்கே வரிசையில் நிற்கின்றன. சிறுவர் நூல்களுக்கான அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் 1922இல் முதன்முதலாகப் போனதும் நாவலுக்கல்ல, உலக வரலாற்று நூலுக்கு. இரண்டிலும் நடுவர்கள் வளர்ந்தவர்கள். உங்களுக்குப் பிடித்ததில் என்ன வியப்பு?

மறுபடி அடுப்படிக்கு வாருங்கள். சிறுபயறை வாசம் வர வறுத்து, தோல் போக்கி, ரவைபோலத் திரித்து, சிவக்க வறுத்த தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்துப் பாகு ஊற்றுகிறோம். பாகு இளகினால் உருண்டை நிற்காது. முறுகினால் பல் போகும். சூடு ஆறுமுன் பிடித்து, நன்றாக உலரவிட்டு, மஞ்சள் கலந்த பச்சரிசி மாவில் முக்கிப் பொரிக்க வேண்டும். மாவு நீர்த்தால் மேல்தோல் விரிசல் விடும். பூரணம் கசிந்து கருகும். அந்த ஈட்டு எண்ணெய் முழுக்கக் கறுத்துப்போகும். நம் சிறுவர் நாவல்களில் கசிவது நீதி. மரம் நடு, கைப்பேசியைத் தொடாதே என்பதெல்லாம் பூரணம். அதைப் பொதிய கதை கெட்டியாக இல்லை.

அடுத்த நாவலை வாங்குமுன் கடையிலேயே மூன்று இடம் பாருங்கள். முதல் மூன்று பக்கத்தில் பிள்ளை தானாக எதையாவது செய்கிறதா? நடுவில் ஓர் உரையாடலை வாய்விட்டு வாசியுங்கள். பத்து வயதுப் பையன் “ஆம் தந்தையே, தாங்கள் கூறுவது உண்மையே” என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். கடைசி அத்தியாயத்தில் சிக்கலை அவிழ்ப்பது யார்? ஆசிரியரோ கலெக்டரோ வந்து அவிழ்த்தால் அது அவருடைய கதை. உதவிக்கு வருவது தாத்தாவாக இருந்தாலும் அப்படித்தான், கோபிக்காதீர்கள்.

பேரன் பக்கம் ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. உறங்கியது பத்தாம் பக்கத்தில் என்றீர்கள். பதிப்புரை, என்னுரை, இரண்டு அணிந்துரை எல்லாம் கழித்து எண்ணுங்கள். பிள்ளை கதைக்குள்ளேயே வரவில்லை.