புற்களின் உலகக் கணக்கு: வாசகர் ஐயங்களும் விடைகளும்

உலகில் எத்தனை வகைப் புற்கள் உள்ளன? நூலுக்கு நூல் எண் மாறுகிறதே?

புல் குடும்பத்தை உலக அளவில் வகைப்படுத்தும் அறிஞர் குழு 2017இல் 11,506 சிற்றினங்களையும் 2022இல் 11,783 சிற்றினங்களையும் கணக்கிட்டது. புதியவை சேர்கின்றன, ஒரே புல்லை இருவர் இரு பெயர்களில் விவரித்திருப்பது தெரியவந்தால் ஒன்று கழிகிறது. எனவே எண்ணோடு ஆண்டையும் எழுதுவதே முறை.

கம்பின் அறிவியல் பெயர் மாறிவிட்டதா?

பெனிசெட்டம் கிளாக்கம் என்று நாம் படித்த கம்பு, 2010 முதல் சென்க்ரஸ் அமெரிக்கானஸ் என்ற பெயரிலும் வழங்குகிறது. வேட்டியில் முள்ளாக ஒட்டும் சென்க்ரஸ் புற்களும் கம்பின் உறவுகளும் ஒரே பேரினம் என மரபணு ஆய்வுகள் காட்டியதால், இரு பெயர்களில் மூத்ததான சென்க்ரஸ் நிலைத்தது. 'அமெரிக்கானஸ்' என்பதைக் கண்டு மயங்க வேண்டாம்: தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அப்படிப் பெயரிட்டாலும், கம்பு பயிராகப் பண்பட்டது ஆப்பிரிக்காவில், சகாராவின் தெற்கு விளிம்பான சாகேல் பகுதியில்தான். வேளாண் நூல்கள் பழைய பெயரையே பெரிதும் ஆள்வதால், இரண்டையும் இணைத்துக் காட்டாத பட்டியல் உழவருக்குப் பயன்படாது.

நீலகிரியில் மட்டும் வளரும் புல்லுக்குப் பரவல் வரைபடங்களில் இந்தியா முழுவதும் வண்ணம் தீட்டுகிறார்களே, இது பிழையல்லவா?

மிகச் சரியான ஐயம். உலகப் பட்டியல்கள் பரவலைக் குறிக்க, நிலப்பரப்பை 'தாவரவியல் நாடுகள்' எனப் பிரித்துக்கொள்கின்றன. இலங்கை, அசாம், மேற்கு இமயமலை, கிழக்கு இமயமலை ஆகியவை அதில் தனித்தனி அலகுகள். ஆனால் ராஜஸ்தானின் மணல்வெளி தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஒரே அலகு. சோலைக்காடுகளுக்கு இடையே, இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், சில மலைச்சரிவுகளில் மட்டும் நிற்கும் ஒரு புல்லும் இதனால் தார்ப் பாலைவனம் வரை பரவியதுபோல் தோன்றுகிறது. கண்டங்களை ஒப்பிட இந்த அளவு போதும். ஒரு புல் அழிவின் விளிம்பில் உள்ளதா என்று தீர்மானிக்க ஒருபோதும் போதாது. அதற்கு உலர்தாவரத் தாள்களில், அதாவது காய்ந்த செடிகளை ஒட்டிப் பாதுகாக்கும் தாள்களில், எழுதப்பட்ட ஊர்ப் பெயர்களையே நாட வேண்டும். ஒருமுறை என் கைக்கு வந்த அருமையான மாதிரி ஒன்றின் சீட்டில் 'தென்னிந்தியா' என்ற ஒற்றைச் சொல்லே இருந்தது; அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.

கோரை இக்கணக்கில் வருமா?

வராது; அது வேறு குடும்பம். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள்: கோரையில் மூன்று விளிம்புகள் தட்டுப்படும், புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு, கணுக்களோடு இருக்கும். மூங்கில் புல்லே.

எங்கள் ஊர்ப் புற்களைத் தொகுக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

பூத்த செடியை வேரோடு எடுங்கள்; ஓராண்டுப் புல்லா, பல்லாண்டுப் புல்லா என்பதை வேர்ப்பகுதியே சொல்லும். நீளமானதை மடித்துச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி, நாள்தோறும் தாளை மாற்றுங்கள். காய்ந்தபின் நிறம் மங்கும் என்பதால் மகரந்தப்பையின் நிறத்தை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இலை தண்டைவிட்டு விலகும் இடத்தைப் பத்து மடங்கு லென்ஸால் பாருங்கள்: அங்கிருப்பது சவ்வா, மயிர் வரிசையா என்பது அடையாளம் காண்பதில் பாதி வேலையை முடித்துவிடும். அறுகில் அது குறுமயிர் வரிசை. சீட்டில் ஊர், உயரம், மண், நாள் ஆகிய நான்கும் இடம்பெறட்டும். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையிடம் முன் அனுமதி பெறுங்கள். ஐயமுள்ள மாதிரிகளைக் கோயம்புத்தூரிலுள்ள மெட்ராஸ் உலர்தாவரகத்தின் தாள்களோடு ஒப்பிடுவது நல்லது.