மறந்து ஓடவிட்ட 20 வருடப் பழைய மிக்சி நின்றுவிட்டதா?

தூக்கிப் போட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, மிக்சியைச் சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். மோட்டார் நன்றாக ஆறியபின் அதை அழுத்துங்கள்.

உளுந்தை ஓடவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய் மறந்துவிட்டாரா? பாவம், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கெட்டி மாவில் திணறும் மோட்டார் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். அது கருகிவிடாமல் காக்கவே அந்தப் பொத்தான் துருத்திக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கிறது. அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

பிறகு காலி ஜாரை வைத்து, முதல் வேகத்தில் சில நொடி மட்டும் ஓட்டுங்கள். ஓடினால் அந்த மிக்சி இன்னும் உழைக்கும். ஜாரைக் கழற்றி அடியிலுள்ள கப்ளரையும் (மோட்டாரோடு இணையும் பகுதி) கையால் சுற்றிப் பாருங்கள்; இறுகியிருந்தால் கோளாறு ஜாரில்தான்.

கருகல் வாடை வந்தாலோ, பொத்தான் மறுபடி வெளியே வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.